உங்கம்மா பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்

அன்புள்ள அப்பு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நீ நல்லா இல்லை என்று உங்கக்கா ஸ்டெல்லா சொல்லிவிட்டாள், அதனால் அதைக் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளும் மாப்பிள்ளையும் வடமதுரையிலிருந்து வந்திருந்தார்கள். பூசைக்குப் போய்விட்டு, கல்லறைத் தோட்டத்தில் உங்கம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். கை கழுவும்போதுதான் மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பா, தம்பி ஆராய்ச்சிய விட்டுட்டு ஏதோ கம்பெனி வேலைக்குப் போறானாம். கடைசி அத்தியாயம் ஒண்ணுதான் பாக்கியாம், அத எழுத மாட்டேங்குறான்." ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலையும் சொன்னாள். சொந்த அம்மா மனசைப் படிக்கத் தெரியாதவன் ஊரார் மனசைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது என்றாயாம். நான் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

இதையேதான் அன்றைக்கு மதுரை விமான நிலையத்து வாசலிலும் வேறு மாதிரி சொன்னாய். அம்மாவை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெட்டியை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "பதில் சொல்ல அம்மாவுக்கு அம்புட்டு நேரம் ஆச்சுப்பா. நான் வரணும்னு ஆசை இருந்திருந்தா ஒரு நொடில 'வா'ன்னு வந்திருக்கும். நான் அப்படிக் கேட்டதே அவங்களுக்குக் கசந்துபோச்சு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டியா என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது. ஒரு அப்பன் பேச வேண்டிய நேரத்தில் நான் பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசினேன்.

அம்மா படுக்கையில் இருந்தபோது, "இப்பவே கிளம்பி வந்துரட்டுமா, இல்ல படிப்ப முடிச்சுட்டு வரட்டுமா?" என்று கனடாவிலிருந்து நீ எழுதிக் கேட்டாய். நெடுநேரம் கழித்து அவள் "முடிச்சுட்டு வா." என்று எழுதினாள். நீ முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த நெடுநேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே என்ன நடந்தது என்று தெரிந்த ஆள் இப்போது நான் ஒருவன்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாட்ஸ்அப்பில் எழுதாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அதில் எழுதினால் நான் நிறுத்தி நிறுத்தி எழுதுவதெல்லாம் உன் பக்கம் புள்ளி புள்ளியாக ஆடும். நீ அதைப் பார்த்து அப்பா எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவாய். காகிதத்தில் நான் நடுவில் எழுந்துபோய் அழுதாலும் உனக்குத் தெரியாது. ஸ்டெல்லா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பி வைப்பாள்.

நீ ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் இரண்டு பேரையும் சோதனை எலி ஆக்கினாயே, நினைவிருக்கிறதா? சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்து, திரையில் இரண்டு பெயர்கள் வரும், எது பெரியதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும் என்றாய். யானை, எலி. பொத்தானில் என் விரல் பட்டென்று விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் ஆடு, நாய் என்று வந்ததும் திணறிப் போனேன். உங்கம்மா திணறவில்லை, சண்டைக்கே வந்துவிட்டாள். "எந்த ஆடுடா? வெள்ளாடா, செம்மறியா? நாய்னா எந்த நாய்? நம்ம தெரு நாயா, பங்களா நாயா? கேள்வியே தப்பு. இப்படிக் கேள்வித்தாள் எடுத்தா பிள்ளைக எப்படிப் பதில் எழுதும்?" என்றாள். டீச்சர் உத்தியோகத்தை வீட்டு மேசையிலும் விடமாட்டாள். அவள் குரலுக்கு எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

சிரித்து முடித்துவிட்டு நீதான் எனக்கு விளக்கம் சொன்னாய். மனசுக்குள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, தூரமாக இருப்பவற்றைச் சட்டென்று பிரித்துவிடுகிறோம், நெருங்கி இருப்பவற்றைப் பிரிக்க நேரம் ஆகிறது, அந்த நேரத்தைத்தான் நான் அளக்கிறேன் என்றாய். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் நம் வெங்காய மண்டித் தராசைச் சொன்னாய். "ஒரு தட்டுல மூட்டை, இன்னொரு தட்டுல ஒரு கை வெங்காயம்னா முள்ளு டபக்குன்னு சாஞ்சிரும்லப்பா. ரெண்டு தட்டும் கிட்டத்தட்டச் சமமா இருந்தா முள்ளு எம்புட்டு நேரம் ஆடும்? அதேதான் மனசும்." இப்போது மண்டியில் எண் காட்டும் மெஷின்தான் இருக்கிறது, ஆனாலும் நீ சொன்னது எனக்குப் பதிந்துவிட்டது. உங்கம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆராய்ச்சியில் இன்னொரு பாதி இருக்கிறது, அது கம்ப்யூட்டர் வழியாகப் பேசிக்கொள்கிறவர்களைப் பற்றியது என்றாய். நேரில் பேசினால் முகம் தெரியும், ஒரு 'ம்' கேட்கும். எழுதிப் பேசும்போது வெறும் இடைவெளிதான் தெரியும், அந்த இடைவெளியை எதிராளி தன் பயத்தை வைத்து நிரப்பிக்கொள்வான் என்றாய். அப்பு, இது நீ சொன்னது. நான் சொன்னதில்லை.

அடுத்த வருஷம்தான் உங்கம்மாவுக்குத் தொண்டை கட்டியது. சாக்பீஸ் தூசி, கத்திக் கத்திப் பாடம் நடத்தியது என்று நாங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். மதுரையில் காட்டியபோது குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் உனக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் ஒன்றுமில்லாத கதையெல்லாம் பேசினாளே, அது ஏன் என்று அப்போது உனக்குத் தெரியாது. பேசி முடித்துவிட்டு என்னிடம், "போதுங்க. அவன் காதுல என் குரலக் கொஞ்சம் போட்டு வச்சிட்டேன்" என்றாள். நான் அவளைத் திட்டினேன். வேறு என்ன செய்வது, எனக்கு அழுகை வந்தால் கோபம்தான் முதலில் வரும்.

அதற்கப்புறம் அவள் பேச்சு முழுவதும் போனில் எழுதுவதுதான். கழுத்தில் மூச்சுக்கு விட்டிருந்த துளையை நீ பார்க்கக் கூடாது என்று வீடியோவுக்கு வர மறுத்துவிட்டாள். உனக்கு அவள் எழுத்து மட்டும்தான் மிச்சம். "சரி." என்று எழுதுவாள். நீ உடனே எனக்குப் போன் போட்டு, அம்மா கோபமா என்று கேட்பாய். அவளுக்கு 'சரி' என்கிற ஒரு வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்ல வரும் என்று உனக்குத் தெரியாதா? நீ சைக்கிள் கேட்டபோது ஒரு சரி, உங்கக்கா கல்யாணத்துக்கு ஒரு சரி, நீ கனடா போகிறேன் என்றபோது தொண்டைக்குள்ளேயே நின்றுபோன ஒரு சரி. போனில் எல்லாம் ஒரே சரிதான். உன்னை மட்டும் சொல்லவில்லை. ஒரே வீட்டுக்குள் இருந்த நானே தடுமாறினேன். அடுப்படியிலிருந்து "சாப்பிட வாங்க." என்று கூடத்தில் இருக்கும் என் போனுக்கு வரும். நான் என்னமோ தப்புச் செய்துவிட்டேன் போல என்று பயந்துகொண்டே போய் உட்காருவேன். அவள் பாட்டுக்குச் சோற்றுக்குப் பக்கத்தில் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் ஸ்டெல்லா வீட்டுக்கு வடமதுரை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. என் போனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். செத்த நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், சட்டென்று என் உள்ளங்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விரலால் எழுத ஆரம்பித்தாள். முதலில் எனக்குக் கூச்சம். எதிர் சீட்டில் ஆட்கள் பார்க்கிறார்கள். கல்யாணம் ஆன காலத்திலிருந்து வெளியில் நான் அவள் கையைப் பிடித்ததில்லை. அவள் என்ன எழுதினாள் என்று உனக்கு ஆவலாக இருக்கும். 'பசிக்குது' என்று எழுதினாள். அவ்வளவுதான். ஆனால் அவள் விரல் அழுத்தின அழுத்தத்தில் எனக்கு அவள் குரலே கேட்டது. பசி வந்தால் எப்படிச் சிடுசிடுப்பாளோ அப்படியே இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தால் கையில்தான் பேசிக்கொள்வோம்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா உனக்குப் பதில் எழுதிய அந்தக் காலையில் என்ன நடந்தது என்று சொன்னால் உனக்குப் புரிய வேண்டும்.

நோய் திரும்பி வந்துவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்று டாக்டர் சொன்ன வாரம் அது. சில மாதம் இருப்பார்கள் என்றார். ஸ்டெல்லா உனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மறுநாள் நான் மண்டிக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு ராத்திரி, எங்களுக்குக் காலை. அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மாறியது. என்னைக் கை காட்டிக் கூப்பிட்டு உன் கேள்வியைக் காட்டினாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் 'வந்துரு அப்பு' என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். அழித்தாள். 'படிப்பை முடி' என்று எழுதினாள், அதையும் அழித்தாள். மறுபடி 'வா'. மறுபடி அழிப்பு. 'உன் இஷ்டம்' என்று ஒரு தடவை எழுதிவிட்டு, அதற்குத் தானே தலையை ஆட்டி அழித்தாள். பிள்ளை தலையில் பாரத்தைப் போடக் கூடாது என்று நினைத்திருப்பாள். போனைக் கீழே வைத்தாள், எடுத்தாள். உன் திரையில் புள்ளிகள் ஆடி ஆடி நின்றது அதனால்தான். அவள் யோசித்தது உன்னைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று இல்லை. ஒரு தட்டில் நீ அவள் பக்கத்தில் வந்து உட்காருவது. இன்னொரு தட்டில் நீ இத்தனை வருஷம் பாடுபட்டதை முடிப்பது. இரண்டில் எது பாரம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டுமே நீதான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. உனக்குத்தான் தெரியுமே என் குணம். "டீச்சர், ஏதாவது ஒண்ணச் சொல்லு. பையன் அங்க முழிச்சுக்கிட்டு இருக்கான்" என்றேன். வகுப்பில் பிள்ளைகளை அடக்குவதற்குக் கையைத் தூக்குவாளே, அந்த மாதிரி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அப்புறம் "முடிச்சுட்டு வா." என்று எழுதி அனுப்பிவிட்டாள். அனுப்பிய கையோடு என் போனுக்கு ஒன்று எழுதினாள். "இப்ப வந்தா திரும்பிப் போக மாட்டான்." அதுதான் முள்ளைச் சாய்த்த கடைசி வெங்காயம். நீ அவளுக்காக எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று அவளுக்குத் தெரியும். உன் மனசை அவள் அப்படித்தான் படித்து வைத்திருந்தாள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை நாளும் பார்த்தேன். நிறுத்தினால் பாதிதான் சொன்னவன் ஆவேன். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு என் கையை எடுத்தாள். விரலால் எழுதினாள். 'வருவானா?'

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நீதானே வர வேணாம்னுட்ட?" என்றேன். அவளும் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் கழுத்தில் கட்டியிருந்த துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. நான் மண்டிக்குப் போனேன். டாக்டர் சொன்ன அந்தச் சில மாதங்கள்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை, மழை தொடங்கிய சமயத்தில் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். நீ சவப்பெட்டி மூடுவதற்குத்தான் வந்து சேர்ந்தாய்.

இதை ஏன் விமான நிலையத்தில் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால், அம்மா உன்னை வெறுக்கவில்லை என்று உனக்குத் தெரியும். கூடவே, அம்மா உன்னை எதிர்பார்த்தாள், நீ வரவில்லை என்பதும் தெரியும். எந்தத் துக்கம் உனக்குக் குறைச்சல் என்று எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று எழுவேன், மத்தியானத்துக்குள் வேண்டாம் என்று ஆகிவிடும். உனக்குப் போன் போட்டுச் சாப்பிட்டியா, குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். ஸ்டெல்லா வந்து நீ படிப்பை விடப்போவதாகச் சொன்ன பிறகுதான் என் முள் ஒரு பக்கம் நின்றது. உன்னை வேண்டாம் என்று அவள் சொன்னதாக நினைத்துக்கொண்டு, அவள் எதற்காக உன்னைப் பார்க்காமல் போனாளோ அதையே நீ தூக்கிப் போடப் போகிறாய். அது அவளுக்கு நீ செய்கிற அநியாயம் அப்பு. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கும் அதில் பங்கு உண்டு.

அழுகை வந்தால் அழு. வந்திருக்கலாமே என்று தோன்றும், தோன்றட்டும். எனக்கும் நீ வந்திருக்கலாமே என்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ செய்த தப்பு ஒன்றும் இல்லை. அம்மா சொன்னதைக் கேட்டாய். சின்ன வயசில் ஒரு நாளும் கேட்காதவன், அந்த ஒரு தடவை கேட்டுவிட்டாய். மனசைப் படிக்கத் தெரியாது என்று உன்னை நீயே சொல்லிக்கொள்ளாதே. நீ அந்நியர்களிடம் அளந்தபோது உனக்குப் பயம் இல்லை, அதனால் சரியாக அளந்தாய். அம்மாவிடம் பயந்துபோய் அளந்தாய். பயந்தவன் கையில் எந்தத் தராசும் நிற்காது. இனி ஒரு பெண் உன் வாழ்க்கையில் வருவாள், உன் கேள்விக்கு அவளும் ஒருநாள் நேரம் எடுப்பாள். அப்போது புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு இருக்காமல், போய்ப் பக்கத்தில் உட்கார். எட்டாத தூரம் என்றால், என்ன யோசிக்கிறாய் என்றாவது கேள். நீ அன்றைக்கு அம்மாவிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால், இரண்டையும் எழுதியிருப்பாள்.

அந்தக் கடைசி அத்தியாயத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. வெங்காய வியாபாரிக்கு அந்த வேலை எதற்கு? ஆனால் அதை எழுதாமல் விட்டால், அவள் அந்தக் காலையில் பட்ட பாட்டுக்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போகும். அது மட்டும் தெரியும்.

இப்போது நீ என்னிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பார். "வந்துரட்டுமா, முடிச்சுட்டு வரட்டுமா?" உங்கம்மாவுக்கு மனசு பெரியது, அவள் இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு நாளாகிறது. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கத்தில்தான் தட்டு இருக்கிறது. நீ கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன்.

வா. கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு வா. அந்த மேசையிலேயே உட்கார்ந்து முடி.

உன் அப்பா